வீடு நிற்கட்டும், கார் போகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணாச்சி, மைனி, நாகர்கோவில் பஸ் நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"வயதான காலத்தில் ஊர் சுற்ற ஏற்றது மோட்டார்ஹோமா, காருக்குப் பின்னால் இழுக்கும் சிறிய கேரவனா?" என்பது தலைப்பு. நான் கேரவன் அணி. கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டியை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது என்ஜின் இல்லாத, இரண்டு சக்கரத்தில் நிற்கிற ஒரு சின்ன அறை. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை இருக்கும். காரில் மாட்டினால் கூடவே வரும், கழற்றிவிட்டால் அது பாட்டுக்கு ஓரமாக நிற்கும். மோட்டார்ஹோமில் ஸ்டியரிங்கும் கட்டிலும் ஒரே வண்டிக்குள் இருக்கும்.

அண்ணாச்சி நன்றாகப் பேசினார். "அறுபத்தைந்து வயதில் மழையில் இறங்கிக் கொக்கி மாட்ட முடியுமா? மோட்டார்ஹோமில் சீட்டை விட்டு எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கட்டில். ரிவர்ஸ் எடுக்கிற பாடு கிடையாது. ஆரல்வாய்மொழிக் காற்றில் கேரவன் ஆட்டம் போடும்" என்றார். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அண்ணாச்சி சொன்ன எல்லாமே வண்டி ஓடுகிற நேரத்தைப் பற்றியது. நம் வயதில் ஓடுகிற நேரம் கொஞ்சம், தங்குகிற நேரம்தான் அதிகம். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடினாலே இடுப்பு போதும் என்கிறது. அப்புறம் பிடித்த இடத்தில் பத்து நாள் இருக்கத்தான் மனசு கேட்கிறது. அந்தப் பத்து நாளை யார் பேசுவது?

பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இடம் கேட்டுத் தங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் வேண்டும். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. சாயங்காலம் திருவட்டாறு கோயிலுக்குப் போக வேண்டும். மோட்டார்ஹோம்காரர் என்ன செய்வார்? வெளியே விரித்த பந்தலைச் சுருட்டுவார், கரண்ட் வயரைப் பிடுங்குவார், அடுப்பு மேல் இருக்கிற பாத்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவார், படிக்கட்டை மடக்குவார். ஒரு பாக்கெட் பாலுக்காக வீட்டையே கிளப்பிக்கொண்டு குலசேகரம் போக வேண்டும். போன இடத்தில் எங்கே நிறுத்துவது? தொடுவட்டிச் சந்தையிலும் வடசேரியிலும் ஒரு காரை நிறுத்தவே நாம் படுகிற பாடு நமக்குத் தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கோ திற்பரப்புக்கோ போகிற வழியில் ஏழு மீட்டர் நீள வண்டிக்கு எதிரே பஸ் வந்தால் யார் பின்னால் போவது? மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கேரவன்காரர் சாவியை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டு வருவார். அடுப்பில் வைத்த சோறு அங்கேயே வெந்துகொண்டிருக்கும், கட்டிலில் படுத்திருக்கிற அம்மா எழுந்திருக்க வேண்டியதில்லை. நம் கடற்கரையில் பெரிய கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சின்ன வள்ளம் கரைக்கும் கப்பலுக்கும் போய் வருகிற மாதிரிதான் இது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், மோட்டார்ஹோம்காரர்களையே பாருங்கள். அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் பலர் அதன் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். போன இடத்தில் சுற்றுவதற்குத்தான். அப்படியானால் இழுக்கிற வேலை அங்கேயும் ஒழியவில்லை! இழுப்பது என்று ஆன பிறகு, இரண்டாவது என்ஜினுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு குதிரை இழுக்கும் கேரவன் கட்டினார். கப்பற்படையில் மருத்துவராக இருந்து உடல்நலக் குறைவால் விலகியவர். அவருடைய வேலையாள் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய் வழி பார்ப்பார். அந்தக் காலத்திலேயே பெரிய வண்டியோடு ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டிருக்கிறது.

இனி, நான் மனசில் கனத்தோடு சொல்ல வேண்டிய விஷயம். அடுத்தவரை வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரையே வைத்துச் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணி, மலையடிவாரம், மழை. அவருக்கு நெஞ்சில் வலி. 108-ஐக் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் வண்டி வந்து சேரும் வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாத நிலையும் வரும். பாதி வழியாவது எதிரே கொண்டுபோக வேண்டியிருக்கும். வழக்கமாக ஓட்டுகிற மனிதர் படுத்திருக்கிறார். அந்த ஏழு மீட்டர் வண்டியை இருட்டில், குலசேகரம் தக்கலை வளைவுகளில், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் வரை நான் ஓட்டுவேனா? என்னால் முடியாது. ஆனால் எங்கள் காரை நான் ஓட்டுவேன், தினமும் ஓட்டுகிறேன். அது கேரவனுக்குப் பக்கத்தில் கழற்றிய நிலையில், மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து நிற்கும். ஏறினால் கிளம்பலாம். இந்த ஜில்லாவில் கார் ஓட்டுகிற பெண்கள் எத்தனை பேர்! மோட்டார்ஹோம் வாங்கினால் அவர்களில் பெரும்பாலோர் பயணம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களாகத்தான் ஆவார்கள். முதுமைப் பயணத்தில் இரண்டு பேருக்கும் சாவி வேண்டும் நடுவர் அவர்களே.

சரி, அண்ணாச்சியின் காற்றுக்கு வருகிறேன். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று சாதாரணமானது இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கேரவன் ஆடும் என்பது உண்மை, நான் மறைக்கவில்லை. ஆனால் ஏன் ஆடுகிறது? பெரும்பாலும் சாமானைப் பின்பக்கம் குவிப்பதால். தண்ணீர் கேன், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் போன்ற கனமானவை எல்லாம் தாழ்வாக, சக்கர அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ இருக்க வேண்டும். மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். 1,000 கிலோ கேரவன் என்றால் 50 முதல் 70 கிலோ. கார் தாங்கக் கூடிய அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் அடங்கும். ஆட்டத்தைக் கட்டுப்படுத்துகிற கொக்கியும் விற்கிறது. காற்று மாதத்தில் அந்தக் கணவாயில் மெதுவாகத்தான் போக வேண்டும். உயரமான மோட்டார்ஹோமும் அந்தக் காற்றை வாங்காமல் போகாது.

எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சாமான் ஏற்றிய கேரவன், காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் கேரவன்காரர்கள் பின்பற்றும் வழக்கம். 1,700 கிலோ கார் என்றால் 1,445 கிலோ வரை. காரைச் செய்த கம்பெனி அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் எல்லை. நம் வயதுக்கு 1,000 கிலோவை ஒட்டிய வண்டி போதும் என்பது என் கருத்து. தலைப்பில் "சிறிய" என்ற சொல் இருக்கிறதே, எங்கள் அணியின் பலமே அதுதான். பிரேக்கும் தனியாக இருக்க வேண்டும். கார் வேகம் குறையும்போது கேரவன் முன்னால் நெருக்கும், அந்த நெருக்கலே அதன் பிரேக்கை இயக்கும். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினாலே இழுவை வண்டிக்கு பிரேக் கட்டாயம்.

கொக்கி மாட்டுவது என்றால் ஏதோ மூட்டை தூக்குகிற வேலை என்று அண்ணாச்சி நினைக்கிறார். கேரவனின் முன்னால் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கம் ஏறும், இறங்கும். காரின் பின்னால் இருக்கிற கொக்கி உருண்டை மேல் அதை இறக்கிப் பூட்ட வேண்டும், கேரவன் தப்பித்தவறிக் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற கம்பியை மாட்ட வேண்டும், விளக்கு வயரைச் சொருக வேண்டும், சின்னச் சக்கரத்தை மேலே ஏற்றிவிட வேண்டும். குனிய வேண்டியிருக்கும், தூக்க வேண்டியதில்லை. அதுவும் இடம் மாறுகிற அன்றைக்கு மட்டும். ரிவர்ஸ் கஷ்டம்தான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவன் வலப்பக்கம் திரும்பும். காலி மைதானத்தில் பழகியே ஆக வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், கழற்றிவிட்டு ரிமோட்டில் தானாக நகர வைக்கிற மோட்டாரை அச்சருகே பொருத்திக்கொள்ளலாம். சமதரையில் சின்ன வண்டியை நாலு பேர் தள்ளியே திருப்பிவிடுவார்கள். நம் ஊரில் கை கொடுக்க ஆள் கிடைக்காதா என்ன?

ஓடும்போதே எழுந்து போய்ப் படுக்கலாம் என்ற பேச்சை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். ஓடுகிற வண்டியில் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். ஒரு நாய் குறுக்கே வந்து பிரேக் போட்டால், நிற்கிற வயதானவரின் இடுப்பெலும்பு என்ன ஆகும்?

ஒரு எச்சரிக்கை எங்கள் பக்கத்துக்கும் உண்டு. சின்னது வேண்டும் என்று கழிப்பறை இல்லாத குட்டி வண்டியை வாங்கிவிடாதீர்கள். ராத்திரி இரண்டு தரம் எழுந்திருக்கிற வயது இது. கழற்றி எடுத்துக் கொட்டுகிற தொட்டியோடு கூடிய கழிப்பறை சிறிய கேரவனிலும் வருகிறது.

கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தார்கள், அங்கே ஓடுவது மோட்டார்ஹோம்தானே என்று மைனி கேட்கலாம். ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் வாகமண் போய்வர நானும் அதைத்தான் சொல்வேன். சொந்தமாக வாங்கி வைத்திருப்பது வேறு. மோட்டார்ஹோமில் என்ஜின் மக்கர் பண்ணினால் கட்டில், அடுப்பு எல்லாம் சேர்ந்து பட்டறைக்குப் போகும், நாம் லாட்ஜ் தேட வேண்டும். காரில் கோளாறு என்றால் கேரவனில் படுத்துக்கொண்டு மெக்கானிக்குக்குக் காத்திருக்கலாம்.

கடைசியில், நாம் நிறுத்துகிற நாள் ஒன்று வரும். நம் சட்டப்படி 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், டாக்டர் சான்றிதழும் வேண்டும். பிரிட்டனில் 3,500 கிலோவைத் தாண்டிய மோட்டார்ஹோமை 70 வயதுக்குப் பிறகும் ஓட்ட மருத்துவ அறிக்கை கேட்கிறார்கள். கண்ணும் கையும் தளர்ந்தால் மோட்டார்ஹோம்காரர் மொத்தத்தையும் விற்க வேண்டும். நாங்கள் கேரவனை மட்டும் விளையில் தென்னை நிழலில் நிறுத்திவிட்டால், பேரப்பிள்ளைகள் வரும்போது அவர்களுக்கு ஒரு அறை ஆகும். கார் எங்களோடு ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கும்.

எனக்குப் பிறகு பேச வருகிற மைனியிடம் ஒரு கேள்வி. பேச்சிப்பாறையில் பத்து நாள் தங்கியிருக்கிறீர்கள். நாலாம் நாள் சாயங்காலம் மாத்திரை தீர்ந்துவிட்டது, அண்ணாச்சிக்குக் கால் வலி. குலசேகரம் மருந்துக்கடைக்கு யார் போவது, எந்த வண்டியில் போவது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மைனி மேலே பேசட்டும். வணக்கம்.