சூப்பர்மேன் மீதான புகார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காமிக்ஸ் படிக்கிறவர்களிடம் சூப்பர்மேன் பெயரை எடுத்தால், "அவன் கதையில் என்ன சுவாரஸ்யம் இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். குண்டு துளைக்காது, நெருப்பு சுடாது, பறப்பான், கப்பலைத் தூக்குவான், கண்பார்வையாலேயே இரும்பை உருக்குவான். இப்படிப்பட்டவனுக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது? கடைசிப் பக்கத்தில் அவன்தான் ஜெயிப்பான் என்று தெரிந்த பிறகு நடுப் பக்கங்களை எதற்குப் புரட்டுவது? இதுதான் புகார்களில் முதலாவது.

அந்தச் சலிப்பு உண்மையானது, நான் மறுக்கவில்லை. ஆனால் பழியை அவன் பலத்தின்மேல் போடுகிறோமே, அதுதான் சரியில்லை. அந்தக் கதைகளை வரிசையாக எடுத்துப் படித்தால், சலிப்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும்.

முதல் கதையிலிருந்து தொடங்குவோம். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்தார். இருவரும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். 1938 ஜூன் மாதத் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் 13 பக்கம் வந்தது. அதில் சூப்பர்மேன் பறக்கவில்லை. எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர், தாவுவான். 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுதான் அவன் தோலைத் துளைக்க முடியும். கணக்குப் போட்டால், 45 பாகைக் கோணத்தில் 200 மீட்டர் தாவ மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டு எழும்ப வேண்டும். மனிதனுக்கு முடியாதது, ஆனால் ஓர் எல்லைக்கு உட்பட்டது.

அந்தக் கதையின் முதல் சம்பவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். குற்றம் செய்யாத ஒரு பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேறப் போகிறது. உண்மைக் கொலையாளியைக் கட்டி ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் போட்டுவிட்டு, சூப்பர்மேன் வாக்குமூலக் கடிதத்தோடு உள்ளே போகிறான். ஆளுநரின் படுக்கையறைக்கு இரும்புக் கதவு. பெயர்த்து எறிகிறான். வேலைக்காரர் சுடுகிறார், குண்டு தெறித்துப் போகிறது. இவ்வளவும் நடந்த பிறகும் அந்தப் பெண் காப்பாற்றப்படவில்லை. ஆளுநர் அந்தக் கடிதத்தைப் படித்து, நம்பி, சிறைக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கதவை உடைப்பது அவன் கையில் இருக்கிறது, ஆளுநரின் முடிவு அவன் கையில் இல்லை. அந்தப் பக்கங்களின் படபடப்பு முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிறகு பலம் ஏறிக்கொண்டே போனது. தாவல் பறத்தலானது. 1950களின் பின்பாதியிலும் 1960களிலும், மோர்ட் வைசிங்கர் ஆசிரியராக இருந்த காலத்தில், அளவே இல்லாமல் போய்விட்டது. நம் மஞ்சள் சூரியன்தான் அவனுக்குச் சக்தி தருகிறது என்ற விளக்கம் 1960 வாக்கில் சேர்ந்தது. ஒரு தும்மலில் ஒரு சூரியக் குடும்பமே சிதறிப்போன கதைகூட உண்டு. இது அதிகம் என்று பின்னால் வந்த ஆசிரியர்களுக்கே பட்டிருக்கிறது. 1971இல் ஜூலியஸ் ஸ்வார்ட்ஸ் ஆசிரியராக வந்ததும் எழுத்தாளர் டென்னி ஓ'நீலை வைத்துப் பலத்தைக் குறைத்தார். 1986இல் ஜான் பைர்ன் ஆறு இதழ்களில் கதையை அடியிலிருந்து மாற்றி எழுதினார், அவரும் குறைத்தார். இரண்டு முறையும் பலம் மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு ஏறிவிட்டது. பலத்தைக் குறைத்தால் கதை நன்றாகிவிடும் என்ற வைத்தியம் நிலைக்கவில்லை.

அடுத்த புகார் கிரிப்டோனைட். "அவனை வீழ்த்த வேறு வழி தெரியாமல் ஒரு பச்சைக் கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்" என்பார்கள். அந்தக் கல்லுக்கு வானொலியோடு நேரடி உறவு இருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1940 பிப்ரவரியில் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் தொடர் தொடங்கியது. கிரிப்டோனைட் முதன்முதலில் 1943இல் அந்தத் தொடரில்தான் வந்தது. காமிக்ஸ் பக்கங்களுக்கு அது போய்ச் சேர 1949 ஆயிற்று. காதால் மட்டும் கேட்கிற ஊடகத்துக்கு அது வசதியான பொருள். பலசாலியின் குரல் தளர்ந்து முனகலாக மாறினால் போதும், ஆபத்து புரிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னாலேயே, 1940இல், சீகல் ஒரு கதை எழுதியிருந்தார். அவன் பிறந்த கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்த 'கே-உலோகம்' சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சிவிடுகிறது. அந்தக் கதையில் இன்னொன்றும் நடக்கிறது: மூக்குக்கண்ணாடி போட்ட சாதாரண நிருபர் கிளார்க் கென்ட்டாக நடமாடுவது தான்தான் என்ற உண்மையை, சக நிருபர் லோயிஸ் லேனிடம் அவனே ஒப்புக்கொள்கிறான். பதிப்பகம் அதை அச்சிடவே இல்லை. பலவீனத்தையும் அதன் விளைவையும் சீகல் ஒன்றாகத்தான் யோசித்திருந்தார். பிற்பாடு வந்த கிரிப்டோனைட் கதைகளில் பலவீனம் மட்டும் தங்கியது, விளைவு காணாமல் போயிற்று.

1960களின் சிவப்பு கிரிப்டோனைட் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். ஒரு கதையில் அவன் தலை எறும்புத் தலையாக மாறிவிடும். ஆனால் எதுவானாலும் 24 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும் என்பது விதி. வாசகன் இரண்டு நாள் பொறுத்திருந்தால் போதும்! சலிப்பு நுழைகிற இடம் இதுதான். என்ன நடந்தாலும் அடுத்த மாதம் கிளார்க் அதே நாற்காலியில் இருப்பான், லோயிஸ் அதே சந்தேகத்தோடு இருப்பாள், அவன் பரம எதிரி லூதர் அதே சிறையிலிருந்து தப்புவான். இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ ஈக்கோ 1962லேயே இதைக் கவனித்து எழுதினார். சூப்பர்மேனின் வாழ்க்கையில் காலம் நகரக்கூடாது, நகர்ந்தால் அவன் மரணத்தை நோக்கி ஓரடி வைத்தவனாகிவிடுவான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

காலம் நகர அனுமதித்தால் என்ன ஆகும் என்பதைச் சீகலே 1961இல் காட்டினார். 'கற்பனைக் கதை' என்ற முத்திரையோடு, அதாவது தொடரைப் பாதிக்காது என்ற உத்தரவாதத்தோடு, சூப்பர்மேன் 149ஆம் இதழில் அது வெளிவந்தது. லெக்ஸ் லூதர் திருந்தியதாக நடிக்கிறான். புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறான், அது நிஜமாகவே வேலை செய்கிறது. சூப்பர்மேன் அவனுக்காகப் பரிந்து பேசி விடுதலை வாங்கித் தருகிறான். பழைய கூட்டாளிகள் லூதரைக் கொல்ல முயன்றதும், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று விண்வெளியில் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுக்கிறான். அந்த ஆய்வுக்கூடத்துக்கே சூப்பர்மேனை வரவழைத்து, கட்டிப்போட்டு, நண்பர்கள் கண்ணெதிரே கிரிப்டோனைட் கதிரால் கொன்றுவிடுகிறான் லூதர். அவன் பிழைக்கவில்லை. கல் அதேதான், பலமும் 1961ஆம் ஆண்டின் அளவற்ற பலம்தான். ஆனால் அவனை வீழ்த்தியது நம்பிக்கை. இன்று படித்தாலும் அந்தக் கதை நெஞ்சைப் பிசைகிறது.

மாறாக, 1992 நவம்பரில் பெரும் பரபரப்போடு விற்ற அவன் மரணக் கதையைப் பாருங்கள். டூம்ஸ்டே என்ற அரக்கனோடு அடித்துக்கொண்டு சாகிறான், 1993லேயே திரும்பி வந்துவிடுகிறான். சாவே திரும்பப் பெறத்தக்கது என்று வாசகன் தெரிந்துகொண்ட பிறகு, எந்த அடிக்கு அவன் பதறுவான்?

மூக்குக்கண்ணாடிப் புகார் எளிது. கிளார்க் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டால் அவன்தான் சூப்பர்மேன் என்று அடையாளம் தெரியாமல் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வானொலியில் கண்ணாடியே கிடையாது. நடிகர் பட் காலியர் கிளார்க்குக்கு மெல்லிய குரல் வைத்திருப்பார், 'இது சூப்பர்மேன் செய்ய வேண்டிய வேலை' என்ற பொருளுள்ள வரியைப் பேசும்போது பாதியிலேயே குரலைத் தாழ்த்திக் கனமாக்குவார். கேட்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1978ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் தோளைக் குறுக்கி நிமிர்த்துவதிலேயே இரண்டு மனிதர்களைக் காட்டினார். எனக்குப் பிடித்த விடை 1987இல் பைர்னின் ஓர் இதழில் இருக்கிறது. லூதரின் கணினி எல்லாத் தகவலையும் அலசி, கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று சரியாகவே சொல்லிவிடுகிறது. லூதர் நம்ப மறுக்கிறான். அவ்வளவு சக்தி உள்ளவன் எதற்குச் சாதாரண மனிதனாக நடிக்க வேண்டும் என்பது அவன் கேள்வி. இரகசியத்தைக் காப்பது கண்ணாடி இல்லை, லூதரின் குணம்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: இத்தனை சக்தி வைத்துக்கொண்டு போரையும் பசியையும் ஏன் ஒழிக்கவில்லை? 1940இல் 'லுக்' பத்திரிகை இதைச் சீகலிடமும் ஷஸ்டரிடமும் கேட்டது. இரண்டே பக்கத்தில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்திவிட்டான். இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டதே, பிறகு நிஜப் போரை எப்படிச் சமாளிப்பது? 1942இல் நாளிதழ்த் தொடரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளார்க் படையில் சேரப் போகிறான். கண் பரிசோதனையில், தவறுதலாக அவனுடைய ஊடுருவும் பார்வை சுவரைத் தாண்டி அடுத்த அறையின் எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறது. தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கெட்டிக்கார உபாயம்தான், ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை.

நேர்மையான பதில் 1972இல் எலியட் மேகின் எழுதிய கதையில் வந்தது. கலிபோர்னியாவில் பழத்தோட்டக் கூலித் தொழிலாளர்களில் ஒரு சிறுவனை முதலாளி அடிக்கிறான். சூப்பர்மேன் தடுக்கிறான். உடனே ஊரே கூடி, வீடு கட்டிக் கொடு, இதைச் செய், அதைச் செய் என்று கேட்கிறது. உங்கள் உரிமைக்கு நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று அவன் மறுக்கிறான். அப்போது நிலநடுக்கம் வந்து வீடுகள் இடிகின்றன, அவற்றை மட்டும் கட்டிக் கொடுக்கிறான். மனிதர் கைக்கு மீறியதைத்தான் செய்வேன் என்று ஒரு கோடு போடுகிறான். அந்தக் கோடு சரியா என்று இன்றும் வாதாடலாம். எனக்கே முழுத் திருப்தி இல்லை. ஆனால் பலசாலியின் கதை வாதத்துக்கு இடம் கொடுக்கும்போது யாரும் கொட்டாவி விடுவதில்லை.

அறிவியல் புகார்களில் ஒன்று மிகவும் நியாயமானது, எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் அதை அலட்சியம் செய்கிறார்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், நாலரை விநாடியில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். கீழே நிற்கிற சூப்பர்மேன் கைகளை நீட்டி அரை மீட்டருக்குள் நிறுத்தினால், அவர் உடல்மேல் புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசை விழும். தரைக்குப் பதில் எஃகுக் கையில் விழுந்து சாவார், அவ்வளவுதான் வித்தியாசம். சரியான முறை, கூடவே அதே வேகத்தில் இறங்கி, பிடித்துக்கொண்டு, 20 மீட்டர் தூரத்தில் படிப்படியாக வேகத்தைக் குறைப்பது. அப்போது விசை 5 மடங்குதான், பிழைத்துக்கொள்ளலாம். விமானத்தைத் தாங்குவதும் அப்படியே. ஒரு போயிங் 747 காலியாகவே ஏறத்தாழ 180 டன். இரண்டு உள்ளங்கைகளின் பரப்பு 300 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 600 கிலோ அழுத்தம். மெல்லிய அலுமினியத் தகட்டில் அவன் கைகள் ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய்விடும். பைர்ன், அவன் உடலை ஒட்டி ஒரு காப்புப் புலம் இருக்கிறது என்று விளக்கம் வைத்தார். உடையில் கீறல் விழாமல் முதுகில் தொங்கும் அங்கி மட்டும் கிழிவது அதனால்தான். இந்தக் கணக்கை மதித்தால் ஒவ்வொரு மீட்பும் நுணுக்கமான வேலையாகிவிடும். முரட்டு பலம் போதாது, கணிப்பும் நிதானமும் வேண்டும்.

ரொம்ப நல்லவன், அதனால் பழைய பஞ்சாங்கம் என்ற புகாரை நான் ஏற்கவே மாட்டேன். எதையும் எடுத்துக்கொள்ளக்கூடியவன் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது ஒவ்வொரு நாளும் செய்கிற தேர்வு. 2013 திரைப்படத்தில் அவன் எதிரியின் கழுத்தை முறித்தபோது அத்தனை வாசகர்கள் கொதித்ததே, அந்தத் தேர்வு அவர்களுக்கு முக்கியம் என்பதைக் காட்டுகிறது.

முடிக்கும் முன், 1978 படத்துக்கு மறுபடி ஒருமுறை வருகிறேன். அதன் முதல் பகுதியில் வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறக்கிறார். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் கலங்குகிறான். கடைசிப் பகுதியில் லோயிஸ் நிலநடுக்கத்தில் இறக்கிறாள், அவன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பி அவளை மீட்டுவிடுகிறான். ஒரே படம், ஒரே நாயகன், ஒரே அளவு பலம். முதல் மரணம் நம்மோடு வருகிறது, இரண்டாவது வருவதில்லை. அடுத்த முறை அவனுடைய கதை ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அவனால் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்காதீர்கள். கதை முடியும்போது திரும்பி வராதது ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் புகார் நியாயமானது.

வணக்கம்.