டே நதிக்கரையில் டன்கெல்ட்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தில் எடின்பரோவைப் பார்த்துவிட்டு நேரே இன்வர்னஸுக்கு விரையும் பயணிகள் பலர், வழியில் டே நதிக்கரையில் இருக்கும் டன்கெல்ட் என்னும் சிற்றூரை ரயில் சன்னலிலிருந்து பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். விடுமுறையில் சில நாள்களாவது அங்கே தங்கி, ஊரை நடந்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரயில் நிலையம் இருப்பது எதிர்க்கரையில், பர்னம் என்னும் ஊரில். அங்கிருந்து டன்கெல்டுக்குப் போக, தாமஸ் டெல்ஃபோர்டு வடிவமைத்து 1809இல் திறக்கப்பட்ட கற்பாலத்தைக் கடக்க வேண்டும். அந்நாளில் பாலத்தைக் கடக்கச் சுங்கம் கட்டவேண்டியிருந்தது. 1856இல் ரயில் வந்த பிறகு, வண்டி பிடிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க நேர்ந்த ஊர்மக்களின் பொறுமை தீர்ந்து, 1868இல் கலகமே மூண்டது; சுங்கக் கதவுகளைப் பெயர்த்து ஆற்றில் வீசினார்கள். சுங்கம் ஒழிந்தது 1879இல்தான். இன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்திருக்க எவரும் காசு கேட்பதில்லை என்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

பாலம் தாண்டினால், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சிறு வீடுகள் பேராலயம் வரை வரிசையாக நிற்கும். 1689 ஆகஸ்டில் அரியணை இழந்த மன்னர் ஜேம்ஸை ஆதரித்த யாக்கோபியப் படைக்கும் அரசின் பக்கம் நின்ற கேமரோனியப் படைக்கும் நடந்த தெருச்சண்டையில் ஊர் ஏறத்தாழ முழுவதும் எரிந்தது. அதற்குப் பின் எழுப்பப்பட்ட வீடுகள் இவை. இருபதாம் நூற்றாண்டில் பாழடைந்து கிடந்த இவற்றை இடித்துத் தள்ளாமல், ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பழுதுபார்த்து மக்கள் குடியிருக்கும் வீடுகளாகவே மீட்டது. காட்சிப்பொருளாக்காமல் வாழ்விடமாகக் காத்ததையே நான் பெரிதும் போற்றுகிறேன். பேராலயமும் அப்படித்தான்: ஒரு பாதி கூரையிழந்து வானம் பார்த்து நிற்க, மறு பாதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

பேராலயத்தின் அருகே ஒரு முதிய லார்ச் மரம் உண்டு. ஆல்ப்ஸ் மலைப்பகுதியான டைரோலிலிருந்து வந்து, 1738இல் நடப்பட்ட கன்றுகளில் எஞ்சியிருப்பது அது ஒன்றே. இங்கே பெருநிலக்கிழார்களாக இருந்த அத்தோல் கோமகன்கள் பிறகு இவ்வட்டாரக் குன்றுகளில் பல இலட்சம் லார்ச் மரங்களை வளர்த்ததற்குத் தொடக்கம் அந்தக் கன்றுகளே. ஊசியிலை மரமாயினும் இலையுதிர்காலத்தில் பொன்னிறமாகி உதிர்வது அதன் இயல்பு.

எப்போது போகலாம் என்று கேட்பீர்கள். விராலடிப்பான் பருந்துகளை லோஸ் ஏரியில் கூட்டோடு காண விரும்புவோர் ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே செல்லலாம். என்னைக் கேட்டால் அக்டோபரையே சொல்வேன். அப்போது பிரான் ஆற்றின் ஹெர்மிட்டேஜ் அருவியில், முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் சால்மன் மீன்கள் பாறைகளுக்கிடையே துள்ளுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. லார்ச் மரங்களும் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். மழைச்சட்டையும் நல்ல காலணியும் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.