சின்ன அரங்கின் பேட்ச் பேனல்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு அரங்கம் கட்ட நினைப்பவர்கள், பழைய வீட்டின் கல்யாணக் கொட்டகையை நாடக மேடையாக்க நினைப்பவர்கள், எல்லோரும் முதலில் கேட்பது ஸ்பீக்கர் எத்தனை வாட் என்றுதான். பேட்ச் பேனலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மேடையிலிருந்து வரும் ஒயர்களும் சவுண்ட் மிக்சருக்குப் போகும் ஒயர்களும் வந்து சேரும் தகடு அது. எதை எதோடு சேர்ப்பது என்பதை அங்கே ஒரு குட்டி ஒயரைச் செருகி முடிவு செய்கிறோம். செட்டிநாட்டுச் சுண்ணாம்புச் சுவரையும் ஆத்தங்குடிக் கல் தரையையும் ஒருமுறை உடைத்தால் பழையபடி ஆக்குவது லேசில்லை. அதனால் தகட்டை முதலிலேயே யோசித்துப் போடுங்கள்.

மைக் லைனுக்கு எக்ஸ்எல்ஆர்தான், அதாவது மூன்று முனை உள்ள வட்டமான மைக் சாக்கெட். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கண்டென்சர் வகை மைக் இயங்க, மிக்சரிலிருந்து அதே ஒயர் வழியாக 48 வோல்ட் போகிறது. கடையில் பி-38 என்று கேட்டால் கொடுக்கிற 6.35 மில்லிமீட்டர் ஜாக்கை அந்த லைனில் செருகினால், உள்ளே போகும்போதே அதன் நுனியும் வளையமும் தப்பான தொடுமுனைகளை உரசிக்கொண்டு போகும். அந்த நொடியில் அந்த 48 வோல்ட் ஷார்ட் ஆகும். ஸ்பீக்கரில் 'டம்' என்று ஒரு இடி, உள்ளே மெல்லிய உலோக நாடா இருக்கும் ரிப்பன் மைக்காக இருந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. எக்ஸ்எல்ஆரில் மூன்று முனைக்கும் தனித்தனி இடம். இந்த உரசலே கிடையாது.

இன்னொரு காரணம் நம்ம ஊர்க் காரணம். வள்ளி திருமணம் நாடகம் என்றால் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாள, ஓசைக் கருவிகள்), முன்னால் நடிகர்களுக்கு மைக். மைக்செட்காரர் வெளியூரிலிருந்து வருவார். அவர் பெட்டியில் இருப்பது எக்ஸ்எல்ஆர் ஒயர். பபூன் காமிக் முடிந்து ராஜபார்ட் வருவதற்குள் ஒரு லைன் செத்துப்போனால், அந்த ஒயரையே எடுத்துச் செருகிச் சமாளிக்கலாம். ஸ்டுடியோக்காரர்கள் மெச்சும் பேன்டம் (bantam) என்ற சின்ன ஜாக்கில் ஒரு யூனிட் உயரத்துக்குள், அதாவது ரேக்கின் ஒரு தட்டு உயரத்துக்குள், 96 துளைகள் அடங்கும், உண்மைதான். ஆனால் அந்த 4.4 மில்லிமீட்டர் ஒயருக்கு ராத்திரி யாரிடம் போய் நிற்பது? எக்ஸ்எல்ஆர் அதே உயரத்தில் 16தான். சின்ன அரங்குக்கு இரண்டு தகடு போட்டால் தாராளம்.

எஃபெக்ட், ரெக்கார்டர் போன்ற லைன் லெவல் (மைக்கைவிட வலுவான சிக்னல்) வேலைக்கு மட்டும் பி-38 பேட்ச்பே, அதாவது பி-38 துளைகள் உள்ள பேட்ச் பேனல், இருக்கட்டும். அதற்குள் இருக்கும் சுவிட்ச் தொடுமுனையில் தூசி படிந்தால் சத்தம் விட்டு விட்டு வரும், மூடி வையுங்கள்.

ஸ்பீக்கர் லைனுக்கு ஸ்பீக்கான், அதாவது ஸ்பீக்கருக்கென்றே செய்த பிளக். சிலர் இன்னமும் அதற்கும் பி-38 போடுகிறார்கள். செருகும்போதே ஆம்ப்ளிஃபையர் ஷார்ட் ஆகும். ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டைத் தெரியாமல் மிக்சர் இன்புட்டில் செருகிவிட்டால், அப்புறம் மிக்சரை ரிப்பேருக்குத்தான் அனுப்ப வேண்டும். ஸ்பீக்கான் வேறு எந்தத் துளையிலும் நுழையாது, திருகிப் பூட்டிக்கொள்ளும்.

தகடு வெட்டுபவரிடம் 24 மில்லிமீட்டர் 'டி' வகைத் துளையாகவே கேளுங்கள். எக்ஸ்எல்ஆர், ஸ்பீக்கான், டிஜிட்டல் மிக்சருக்கான ஈதர்கான் (உறுதியான நெட்வொர்க் ஒயர் சாக்கெட்) மூன்றுக்கும் அந்த அளவில் சாக்கெட் கிடைக்கிறது. இப்போது தேவைப்படாத நாலைந்து துளையை மூடி போட்டு விடுங்கள். நாளைக்கு டிஜிட்டலுக்குப் போனால் சுவரைத் தொடாமல் சாக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.