பேட்டரி தேடாத சென்சார்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1958இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் மின்கருவி, வைத்தார்கள். சில மணி நேரத்திலேயே அது நின்றுவிட்டது. மனிதர் அசரவில்லை, 2001 வரை வாழ்ந்தார். அதற்குள் 26 பேஸ்மேக்கர்களைப் பார்த்துவிட்டார்! இன்றைய கருவிகள் பல ஆண்டுகள் தாங்குகின்றன. ஆனாலும் பேட்டரி தீர்ந்தால் மறுபடி கத்தி வைக்காமல் தீராது. உடலைக் கண்காணிக்கும் சென்சார்களாவது பேட்டரி இல்லாமல், உடலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ள முடியாதா?

சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறதே, அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்கு அவ்வளவு எளிதில்லை. வெப்பத்தை மின்சாரமாக்க இரு பக்கமும் வெப்பநிலை வேறுபட வேண்டும். தோலுக்கும் காற்றுக்கும் இடையே அது சொற்பம். மேலே சட்டை போட்டால் இன்னும் குறையும்.

அசைவு வேறு வழி. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880இலேயே கண்டுபிடித்தார்கள். அத்தகைய பொருளால் ஆன மெல்லிய படலத்தை மணிக்கட்டில் ஒட்டினால், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அது வளைந்து மின்னழுத்தம் தரும். அந்த ஏற்ற இறக்கமே நாடியின் அளவீடு. அளப்பதற்கென்று தனி மின்சாரம் வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். செலவெல்லாம் செய்தியைக் கம்பியில்லாமல் அனுப்புவதில்தான். அதனால் கருவி பெரும்பாலும் தூங்கும். கிடைக்கும் துளி மின்சாரத்தைச் சிறுவாடு போல மின்தேக்கியில் சேர்க்கும். கண நேரம் விழித்துச் செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

உடலின் திரவமும் ஒரு வழி. 2017இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மனநல மாத்திரைக்குள் மணல் துகள் அளவில் சென்சார் இருந்தது. அதிலுள்ள தாமிரமும் மக்னீசியமும் இரைப்பை நீரில் நனைந்ததும் மின்சாரம் பிறக்கும். மாத்திரை உள்ளே போன செய்தி உடலில் ஒட்டிய பட்டைக்குப் போகும். நோயாளியை இப்படி வேவு பார்க்கலாமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. நியாயமான கேள்விதான்.

ஒரு சிக்கல் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தும் போதிய அளவு பேசப்படுவதில்லை. கண்காணிப்பு அதிகம் தேவைப்படுபவர் அசையாமல் படுத்திருப்பவர். கைகால் அசைவை நம்பும் கருவி அவரிடம் பட்டினி கிடக்கும். ஓயாமல் அசைவது இதயமும் நுரையீரலும்தான். 2014இல் ஆய்வாளர்கள் ஆடு மாடுகளின் இதயத்தின் மேலேயே படலத்தை ஒட்டி மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். மனித இதயம் நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிக்கிறது. அத்தனை முறையும் வளைந்து, உடலின் ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் ஊறியும் விரிசல் விடாத படலமும் உறையும் வேண்டும். அந்தப் பொருளைத்தான் ஆய்வகங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.