காஜாவிலிருந்து காலர் வரை

நடுவர் அவர்களே, வண்ணாரப்பேட்டைப் பெரியோர்களே, வணக்கம்.

வேலையில் மனநிறைவு தருவது சம்பளமா, கற்றுக்கொள்ளும் வாய்ப்பா என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "வாடகை கேட்டு வர்ற வீட்டுக்காரர்கிட்ட 'இந்த மாசம் புதுசா ஒண்ணு கத்துக்கிட்டேன்'னு சொல்லிப் பாருங்க" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நானும் வாடகை வீட்டுக்காரிதானே!

ஆனால் அண்ணே, சம்பளம் சரியாக வந்தால் சண்டை இருக்காது. சந்தோஷம் வந்துவிடுமா?

இங்கிருந்து நாலு தெரு தள்ளி, ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட்டில் வேலை செய்கிறேன். முதல் 3 வருடம் காஜா என்கிற பட்டன் ஓட்டையும், பட்டனும் மட்டும். பீஸ் ரேட், அதாவது முடித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை வேகம் என்பதால் சனிக்கிழமை கவர் மற்றவர்களைவிட எனக்குத்தான் கனமாக இருக்கும். அப்படியும் திங்கட்கிழமை காலையானால் வயிற்றை வலிக்கும். ஒருநாள் கட்டிங் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னாமா, ஆயுசு பூரா ஓட்டையே போட்டுனு இருப்பியா? காலர் கத்துக்க."

காலர் லேசுப்பட்டது இல்லை. தைத்த பிறகு முனையில் மிச்சத் துணியைக் குறுக்காக வெட்ட வேண்டும். கூட விட்டால் முனை மழுங்கும், ஒட்ட வெட்டினால் திருப்பும்போது பிய்த்துக்கொண்டு வரும். எத்தனை பிய்த்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி நின்ற அன்று, மாஸ்டர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டுக்குப் போனார். அந்த வாரம் என்ன சம்பளம் வாங்கினேன் என்பது மறந்துவிட்டது. அந்தக் காலர் என்ன நிறம் என்பது மறக்கவில்லை.

எதிரணி கேட்கும், கற்கும்போது பீஸ் குறையுமே, வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று. நியாயமான கேள்வி. காலர் கற்ற அந்த ஒரு மாதம் முதலாளி என் பழைய கணக்கையே போட்டுக் கொடுத்தார். அதற்கு முன் நான் இருந்த யூனிட்டில் ஷிப்ட் முடிந்ததும் 'பயிற்சி' என்று நிற்கவைப்பார்கள். காசு கிடையாது, மெஷினைத் தொடவும் விடமாட்டார்கள். அதைத்தான் கற்றல் என்கிறீர்கள் என்றால் நான் இப்போதே உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.

என் மகள் பி.காம். படிக்கிறாள். ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டு, 1959-இல் எழுதியதைப் படித்துக் காட்டினாள். சம்பளமும் விதிமுறையும் சரியில்லை என்றால் மனம் கசக்கும். ஆனால் நிறைவு வருவது சாதித்ததில், வளர்ந்ததில், வேலையிலேயே என்கிறார். மேசைக்காரர்களைக் கேட்டவர், தையல்காரியைக் கேட்கவில்லை. சரி, பக்கத்தில் பெரம்பூருக்கே போவோம்.

1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டியை 2018-இல் நிறுத்தியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகள்தான் இனி. அந்த உலோகத்தில் சூடு சட்டென்று பரவாது, ஓரிடத்திலேயே நின்று தகட்டை நெளிய வைக்கும். ஆண்டுக்கணக்காக வெல்டிங் பிடித்த கையும் புதிதாகப் பழக வேண்டும். அதே ஆண்டில்தான் அங்கிருந்து, பிறகு வந்தே பாரத் என்று பெயர் பெற்ற 'ட்ரெயின் 18' ரயில் வெளியே வந்தது, வடிவமைப்பிலிருந்து கணக்குப் போட்டால் சுமார் 18 மாதத்தில். இன்றைக்கு வந்தே பாரத் போகும்போது "இது நாங்க செஞ்ச வண்டி" என்று சொல்லாத ஐ.சி.எஃப். குடும்பம் உண்டா? யாராவது சம்பள ஸ்லிப்பைக் காட்டி அப்படிச் சொல்வார்களா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, ஒரே நிமிடம். எதிரணித் தலைவர் புதுச்சட்டையில் வந்திருக்கிறார், அழகாகத்தான் இருக்கிறது. இடப்பக்கக் காலர் முனையை மட்டும் கொஞ்சம் பாருங்கள். மழுங்கியிருக்கிறது. எந்த யூனிட்டிலோ ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொள்ள அந்த ஒரு மாதம் கிடைக்கவில்லை.