ரோம் நகரில் குடும்பத்தோடு

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு ரோம் போகிறீர்களா? ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில் என்று திட்டம் போடுங்கள். பழங்கால வட்ட அரங்கமான கொலோசியத்தையும் போப்பாண்டவர் இருக்கும் வத்திக்கானையும் ஒரே நாளில் திணித்தால் மதியத்துக்குள் எல்லோருக்கும் கால் ஓய்ந்துவிடும். பழைய தெருக்களில் பதித்திருப்பது சம்பியெத்ரினி எனப்படும் எரிமலைக் கல். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடுக்கு இருப்பதால், சின்னச் சக்கரம் வைத்த குழந்தை வண்டி அடிக்கடி மாட்டிக்கொள்ளும். பெரிய சக்கர வண்டியாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். செருப்பைவிடக் கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ நல்லது.

கொலோசியம் டிக்கெட் அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன்புதான் கிடைக்கத் தொடங்கும். பெரியவர்களுக்கு 18 யூரோ; பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும், பக்கத்திலுள்ள பலாட்டைன் குன்றும் அதிலேயே அடக்கம். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம். இலவசம்தானே என்று பிள்ளைகளுக்குப் பதிவு செய்யாமல் விட்டால் வாசலில் சிக்கல் வரும். நேரம் குறித்த டிக்கெட் அவர்களுக்கும் வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டையோடு சரிபார்ப்பார்கள். நம்மவர்களுக்கு இனிஷியல் தொல்லை உண்டே! பாஸ்போர்ட்டில் எப்படி விரித்து எழுதியிருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே நிரப்புங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய நாள் அது. வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். ஃபோரத்தில் நிழல் குறைவு. வெயில் காலத்தில் அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. தெருமுனைகளில் நஸோனி என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள் இருக்கின்றன. 1874 முதல் நிறுவி வருகிறார்கள், இன்று இரண்டாயிரத்துக்கு மேல் உண்டு. குடிக்கத் தகுந்த குளிர்ந்த நீர் ஓயாமல் கொட்டும். குனிந்து வாயை வைக்க வேண்டாம். கீழே நீர் விழும் துவாரத்தை விரலால் அடைத்தால், குழாயின் வளைவில் உள்ள சிறு துளை வழியாக நீர் மேலே பீறிடும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு!

பஸ், மெட்ரோ டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பஸ் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். மெட்ரோ ஒரே பயணம்தான். பெரியவரோடு வரும் 10 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். காகித டிக்கெட்டை தபாக்கி என்ற கடைகளில் வாங்கலாம். வாசலில் 'டி' எழுத்துப் பலகை தொங்கும். வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். தவறினால் அபராதம். வங்கி அட்டையைத் தட்டிப் போவதானால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையை நாலு பேருக்குத் தட்டினாலும் ஒரு டிக்கெட்தான் கணக்கு. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ்ஸில் பிக்பாக்கெட் அதிகம். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் சொல்லி மாளாது. புதன் காலை பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் போப்பாண்டவர் மக்களைச் சந்திப்பதால், புனித பேதுரு பேராலயத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார் பிரச்சினையில்லை; கையில்லாத ரவிக்கையென்றால் மேலே ஒரு துப்பட்டா போர்த்திக்கொள்ளலாம். குவிமாடம் ஏற 551 படி. லிஃப்ட் மொட்டைமாடி வரைதான் போகும், அதற்கு மேலும் சுமார் 320 படி பாக்கி. கடைசிப் படிகள் குறுகி, குவிமாடத்தின் வளைவோடு சாய்ந்து போகும். முட்டிவலிக்காரர்கள் மொட்டைமாடியோடு நிற்பதே நல்லது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போண்டா மாதிரி இருக்கிறதே என்று சுப்ளி என்ற பொரித்த உருண்டையை எடுத்துவிடாதீர்கள், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்த சோறு. பெக்கொரினோ ரொமானோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால். கண்டிப்பான சைவத்துக்கு மரினாரா பீட்சா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். நெத்திலி போடுவீர்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இரவு உணவகங்கள் பல ஏழு, ஏழரைக்குத்தான் அடுப்பு மூட்டும். பசி தாங்காத பிள்ளைகளுக்கு எடை போட்டு வெட்டித் தரும் பீட்சா கடைதான் கதி. பணம் கட்டும்போது இயந்திரம் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள்; ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.