மாட்டைப் புதைக்கும் முன்

வணக்கம். மழைக்காலம் வந்தாலே கால்நடை வளர்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் மாடு செத்தால், அரசு நிவாரணத்துக்காகச் சாவு பதிவாகும் முன் புதைத்துவிடாதீர்கள்.

நிவாரணத் தொகை பலருக்கும் தெரிந்ததுதான். 2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிவாரண நிதி விதிப்படி கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 10,000 வரை. கறவை மாடு என்றால் 3, ஆடு என்றால் 30 வரைதான். ஐந்து பசு போனாலும் மூன்றுக்குத்தான் பணம். இதில் குழப்பமில்லை. மாடு உங்களுடையதுதான், அது வெள்ளத்தில்தான் செத்தது என்று காட்டுவதில்தான் விண்ணப்பம் தடுமாறுகிறது.

மாட்டின் காதில் அடையாளத்துக்காகப் போடும் காது வில்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சந்தையில் மாடு வாங்கியவர் கயிற்றை மாற்றுவார், பதிவை மாற்ற மாட்டார். இரண்டு வருஷம் பால் கறந்த பிறகும் பதிவில் விற்றவர் பெயரே இருக்கும். கால்நடை மருந்தகத்தில் மாட்டின் எண்ணையும் உங்கள் ஆதாரையும் கொடுத்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். வில்லை அறுந்து விழுந்திருந்தால் மழைக்கு முன்பே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

மாடு இறந்துவிட்டால், ஈரத்துணியால் வில்லையிலுள்ள சேற்றைத் துடைத்துவிட்டு எண் தெளிவாகத் தெரியும்படி முதல் படம் எடுங்கள். அடுத்தது, மாடு முழுவதும் தெரிய இரண்டு பக்கமும். பிறகு பின்னால் தண்ணீரோ இடிந்த தொழுவமோ தெரியும்படி, நீங்களும் பக்கத்தில் நின்று ஒரு படம். வெயில் அடித்தால் ஒரே நாளில் வயிறு உப்பிவிடும், அப்புறம் சாவின் காரணம் சொல்வது டாக்டருக்கே கஷ்டம். அதனால் அன்றைக்கே கால்நடை டாக்டருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் தகவல் சொல்லுங்கள். பாதை துண்டிக்கப்பட்டிருந்தால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். டாக்டரின் சான்றும் வி.ஏ.ஓ.வின் பதிவும் கிடைத்த பிறகு, கிணற்றிலிருந்து தள்ளி ஆறடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். மறுபடியும் சொல்கிறேன், முதலில் படம், பிறகு பதிவு, அதற்குப் பிறகுதான் குழி.

தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்துத் தொண்டை அடைப்பானில் மாடு செத்தால் அது நோய்ச் சாவு, வெள்ளச் சாவு ஆகாது. அதற்கு மழைக்கு முன் தடுப்பூசி ஒன்றுதான் வழி.

இன்னொன்று மனதை அறுக்கிறது. தொழுவத்தில் மூழ்கிச் சாகும் மாடுகளில் பலவற்றின் கழுத்துக் கயிறு முளையிலேயே இருக்கிறது. மாடு நன்றாக நீந்தும், கயிறுதான் விடுவதில்லை. எச்சரிக்கை வந்த இரவில் முடிச்சை அவிழ்த்துவிட்டு, கொட்டகைக் கதவையும் திறந்து வையுங்கள்.

தீவனத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது. முகாமில் தீவனத்துக்குப் பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 என்று விதி இருக்கிறது. அது முகாமுக்கான செலவு, கையில் தருவதல்ல. நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை மட்டும் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.